சிறுநீரகச் செயலிழப்பும் ஆண்களின் பாலியல் நலமும்

நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பில் டெஸ்டோஸ்டிரோன் குறையும், புரோலாக்டின் கூடும். இரத்தசோகை, சர்க்கரை நோய், சில இரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவையும் சேர்ந்துகொள்ள, ஆசை மங்கி விறைப்பு தளர்கிறது. டெல்டா ஊர்களிலிருந்து தஞ்சாவூருக்கு டயாலிசிஸுக்கு வந்து நான்கு மணி நேரம் கட்டிலில் கிடப்பவர், உப்பு, தண்ணீர் அளவெல்லாம் கேட்பார். இதை மட்டும் கேட்கமாட்டார். கூச்சம்தான் பெரிய தடை. சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின் பலருக்கு ஹார்மோன்கள் சீராகி, குழந்தைப்பேறும் வாய்க்கிறது. பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்கத் தரும் சிரோலிமஸ் மருந்து மட்டும் விந்தணுவைக் குறைக்கக்கூடும். விறைப்புத் தளர்ச்சிக்குச் சில்டெனாஃபில் மாத்திரை பலருக்குப் பயன்தரும். ஆனால் நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரையுடன் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. சுவரொட்டி விளம்பர 'வீரிய லேகியங்களை' அறவே தவிர்க்க வேண்டும்: அவற்றில் கலந்திருக்கக்கூடிய ஈயமும் பாதரசமும் பொருத்திய சிறுநீரகத்தையும் கெடுக்கும்.