லேப்டாப் கீபோர்டில் சில பட்டன்கள் மட்டும் வேலை செய்யலையா? சர்வீஸ் சென்டர் போகும் முன் இதை செக் பண்ணுங்க!

ஆன்லைன் விண்ணப்பத்துக்கு இன்றுதான் கடைசி நாள். அவசரமாக லேப்டாப்பை திறந்து பாஸ்வேர்டு போட்டால், 'ஏ' பட்டன் மட்டும் விழவே இல்லை. டென்ஷன் ஆக வேண்டாம். முதலில் வேலையை முடித்துவிடலாம், ரிப்பேரை அப்புறம் பார்க்கலாம்.

வின்டோஸ் லாகின் திரையின் வலது பக்கம் கீழே அக்சசிபிலிட்டி ஐகான் இருக்கும். அதில் ஆன்-ஸ்கிரீன் கீபோர்டை தேர்வு செய்தால், திரையில் தெரியும் எழுத்துகளை மவுஸால் கிளிக் செய்தே பாஸ்வேர்டு போடலாம். உள்ளே போன பிறகு கன்ட்ரோல், வின்டோஸ், ஓ ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அதே கீபோர்டு வரும். அந்த 'ஓ'வே பழுதாகி இருந்தால் செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி, கீபோர்டு என்று போய் ஆன் செய்யுங்கள்.

பிரச்சனை எங்கே?

இதை கண்டுபிடிக்க சுலபமான வழி, யுஎஸ்பி கீபோர்டு ஒன்றை சொருகிப் பார்ப்பதுதான். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினாலும் போதும். அதிலும் அதே பட்டன் வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் செட்டிங்ஸ் கோளாறு. அதில் சரியாக விழுந்தால் லேப்டாப் கீபோர்டில்தான் பழுது.

செட்டிங்ஸ் கோளாறில் அடிக்கடி ஏமாற்றுவது ஃபில்டர் கீஸ். வலது ஷிஃப்ட் பட்டனை 8 விநாடி அழுத்திக்கொண்டே இருந்தால் இதை ஆன் செய்யவா என்று வின்டோஸ் கேட்கும். கவனிக்காமல் ஓகே கொடுத்துவிட்டால், லேசாக தட்டும் எழுத்துகள் பதிவாகாது. சின்ன லேப்டாப்களில் நம் லாக் ஆன் ஆகி, ஜே, கே, எல் அழுத்தினால் 1, 2, 3 விழுவதும் உண்டு. தமிழ் 99 பயன்படுத்துபவர்கள் மொழியை மாற்ற மறந்திருக்கலாம். வின்டோஸ் பட்டனுடன் ஸ்பேஸ் பாரை தட்டிப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், வேலை செய்யாத பட்டன்தான் குற்றவாளி என்று நினைக்காதீங்க. கன்ட்ரோல் பட்டன் அழுந்திய நிலையிலேயே சிக்கிக்கொண்டால், எந்த எழுத்தை தட்டினாலும் எழுத்து வராது. திடீரென பிரின்ட் விண்டோ திறக்கும், பக்கம் மொத்தமும் செலக்ட் ஆகும்.

தூசியும் டீயும்

பட்டனுக்கு அடியில் ஒரு சின்ன தூசி போதும். 2015-ல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய பட்டர்ஃபிளை கீபோர்டு இதனால்தான் பெயரைக் கெடுத்துக்கொண்டது. 2018-ல் இலவச சர்வீஸ் திட்டத்தையே அந்த நிறுவனம் அறிவிக்க வேண்டி வந்தது. எனவே லேப்டாப்பை ஆஃப் செய்து, சாய்த்துப் பிடித்து, மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள். பட்டனை ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்ப வேண்டாம். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கி உடைந்தால் பட்டன் திரும்ப உட்காராது.

டீ கொட்டிவிட்டதா? உடனே சார்ஜரை பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்து கவிழ்த்து வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். காய்ந்துவிட்டதே என்று ஆன் செய்து பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. பாலும் சர்க்கரையும் காய்ந்தாலும் உள்ளே பிசுபிசுப்பாக ஒட்டியே இருக்கும். கழற்றி சுத்தம் செய்ய சர்வீஸில்தான் கொடுக்க வேண்டும். சாதாரண வாரண்டியில் பெரும்பாலும் இது வராது.

எதுவும் கொட்டாமலேயே நான்கைந்து பட்டன்கள் ஒரே நேரத்தில் செயலிழந்தால், கீபோர்டுக்கு உள்ளே ஓடும் மெல்லிய மின் கோடு ஒன்று அறுந்திருக்கலாம். ஒவ்வொரு கோட்டிலும் பல பட்டன்கள் இணைந்திருப்பதால் மொத்தமாகப் போகும். அப்போது கீபோர்டை மாற்றுவதுதான் வழி. பல மெல்லிய லேப்டாப்களில் கீபோர்டு மேல்மூடியோடு சேர்ந்தே வருவதால் செலவு கூடும். கழற்றும் முன்பே கடைக்காரரிடம் ரேட் கேட்டுவிடுங்கள்.

இதை மட்டும் அலட்சியம் செய்யாதீங்க

கீபோர்டின் நடுப்பகுதி மேடாகத் தெரிகிறதா? டச்பேட் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? அடியில் இருக்கும் பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதால் அழுத்தி சமன் செய்யவோ, சார்ஜ் போடவோ கூடாது. ஆஃப் செய்து, அன்றைக்கே சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்லுங்கள்.