ஏழு மதிலும் ஒரு சதுரத் துளையும்: டெல்டாப் பிள்ளைகளுக்குச் சீனத்தைச் சொல்லித்தருவது பற்றி

தஞ்சாவூருக்குச் சுற்றுலா வரும் பள்ளிப் பிள்ளைகள் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு அரண்மனைக்குள் நுழைவார்கள். தர்பார் மண்டபமும் கலைக்கூடமும் ஓட்டமும் நடையுமாகக் கழியும். சரசுவதி மகால் நூலகத்தின் சின்னஞ்சிறு காட்சிக்கூடத்துக்கு வந்ததும் வரிசை தேங்கிவிடும். தேங்குகிற இடம் சீனத்துத் தண்டனைப் படங்கள். கழுத்தில் பெரிய மரப்பலகை பூட்டப்பட்டு ஒருவன் நிற்கிறான். இன்னொருவனைக் குப்புறக் கிடத்திப் பிரம்பால் அடிக்கிறார்கள். "டேய், இங்க வந்து பாருடா" என்று ஒரு பையன் குரல் கொடுத்தால் போதும், மற்றவர்கள் மொய்த்துக்கொள்வார்கள். சார் வந்து விரட்டும்வரை நகரமாட்டார்கள்.

டெல்டாப் பிள்ளைகளில் பலருக்குச் சீனப் பண்பாட்டின் முதல் பாடம் இதுதான். இரண்டாவது பாடம் பள்ளி ஆண்டுவிழாவில் கிடைக்கிறது: சிவப்புக் காகித விளக்கு, அட்டையில் வெட்டிய டிராகன் முகமூடி, நூடுல்ஸ் தின்ன இரண்டு குச்சி. ஒன்று அச்சுறுத்துகிறது, மற்றது விளையாட்டுக் காட்டுகிறது. சீனர்களும் உழுது, விதைத்து, எண்ணி, எழுதி வாழ்ந்தவர்கள் என்பது இரண்டிலும் வருவதில்லை. அதைச் சொல்லித்தரத் தேவையான பொருள்கள் பீஜிங்கிலிருந்து வரவேண்டியதில்லை, பட்டுக்கோட்டைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையிலேயே கிடைக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அந்தப் படங்களுக்கு ஒரு நியாயம் சொல்லவேண்டும். இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) உலகத்தைத் தன் நூலகத்துக்குள் அடக்கிவிட ஆசைப்பட்டவர். குறவஞ்சி என்னும் நம்மூர் ஆட்ட வடிவத்தில், குறத்தியின் வாயால் உலகப் புவியியலைச் சொல்லவைத்த மராத்தி நாடகமான 'தேவேந்திர குறவஞ்சி' அவர் பெயரில் வழங்குகிறது. அப்படிப்பட்டவர் சீனத்தையும் அறிய விரும்பியதில் வியப்பில்லை. ஆனால் அன்று கடைக்கு வந்த சீனம் ஐரோப்பிய வாசகனுக்காகத் தயாரான சீனம். ஜார்ஜ் ஹென்றி மேசன் என்பவர் சீனத் தண்டனைகள் பற்றி 22 வண்ணப்படங்களோடு ஒரு நூலை 1801இல் லண்டனில் வெளியிட்டார். தஞ்சையில் தொங்கும் படங்களும் அந்த வகையறாதான். லண்டன் வரவேற்பறையில் புரட்டிப் பார்த்து உச்சுக்கொட்டுவதற்காக அச்சான ஒன்று, இருநூறு ஆண்டு கழித்து ஒரத்தநாட்டுப் பிள்ளைக்குச் சீனத்தின் முகமாக நிற்கிறது.

படங்களைக் கழற்றிவிடச் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னொன்றை வைக்கவேண்டும் என்கிறேன். சாவ் ருகுவா என்ற அதிகாரி சுவன்சோ துறைமுகத்தில் கடல் வணிகத்தைக் கண்காணித்தவர். கப்பலில் வந்த வணிகர்களிடம் கேட்டதையும் பழைய ஏடுகளில் படித்ததையும் சேர்த்து 1225இல் 'சூ ஃபான் சீ' என்ற நூலை எழுதினார். சோழநாட்டுக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. இருந்தும் சோழநாட்டைப் பற்றித் தனியாக எழுதியிருக்கிறார். சிறு குற்றம் செய்தவனை மரச்சட்டத்தில் கட்டி ஐம்பது முதல் நூறு அடிவரை கோலால் அடிப்பார்களாம். பெருங்குற்றத்துக்குத் தலையை வெட்டுவார்கள், அல்லது யானைக்காலில் இடறவிடுவார்களாம். தஞ்சாவூர்ப் பையன் சீனனின் பிரம்படியை வேடிக்கை பார்ப்பதற்கு எட்டு நூற்றாண்டுக்கு முன்பே, சுவன்சோவில் ஒருவர் சோழனின் பிரம்படியை எழுதிவைத்துவிட்டார்! ஒரு நாட்டைத் தொலைவிலிருந்து பார்ப்பவன் கண்ணில் முதலில் படுவது அதன் தண்டனையாக இருப்பது ஏன்? எட்டாம் வகுப்பில் விவாதிக்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது நாணயம். பட்டுக்கோட்டைப் பக்கத்து விக்கிரமம், ஒலயகுன்னம், மன்னார்குடிப் பக்கத்துத் தளிக்கோட்டை ஆகிய ஊர்களில் சீனக் காசுப் புதையல்கள் கிடைத்துள்ளன. தளிக்கோட்டையில் மட்டும் 1,800க்கும் மேல். பழைய தஞ்சை மாவட்டத்து மண்ணில் தாங் காலக் காசும் சோங் காலக் காசும் குவியலாகப் புதைந்திருந்த செய்தியை அந்த ஊர்ப் பிள்ளைகளிடமே கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள்.

இந்தக் காசு ஒன்றை, அசல் இல்லாவிட்டால் களிமண் அச்சையாவது, பிள்ளையின் கையில் கொடுத்தால் பாடம் தானாக நடக்கும். வட்டமான வெண்கலக் காசு. நடுவே சதுரத் துளை. துளையைச் சுற்றி நான்கு எழுத்து, பெரும்பாலும் அரசனின் ஆட்சிக்காலப் பெயரும் 'புழங்கும் செல்வம்' என்பது போன்ற சொல்லும். வட்டம் வானம், சதுரம் பூமி என்று சீனர் அதற்குப் பொருள் சொல்வார்கள். பட்டறைக்காரனுக்கு வேறு காரணமும் உண்டு. அச்சில் வார்த்தெடுத்த காசின் விளிம்பில் பிசிறு இருக்கும். சதுரக் கம்பியில் வரிசையாகக் கோத்து அராவினால் காசு சுழலாமல் நிற்கும்; வட்டத் துளையாக இருந்தால் சுழன்றுகொண்டே இருக்கும். பிறகு அதே துளையில் கயிறு கோத்தால் ஆயிரம் காசு ஒரு சரம். தத்துவமும் பட்டறைப் புத்தியும் ஒரே துளையில் அடங்கியிருக்கின்றன. டிராகன் முகமூடி இந்த அளவுக்குப் பேசாது.

காசு மட்டும் வரவில்லை. நாகப்பட்டினம் காயாரோகணசுவாமி கோயிலில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கடாரத்து அரசனின் ஆள் 'சீனக் கனகம்' கொடுத்ததைப் பதிவு செய்கிறது. சீனப் பொன் கடாரத்தான் கைவழியாக நாகைச் சிவனுக்குப் போயிருக்கிறது. அதே நாகையில் 1867 வரை மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்று நின்றது. டச்சுக்காரர்கள் அதைச் சீனப் பகோடா என்றார்கள், உள்ளூரார் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். வாங் தாயுவான் என்ற சீனப் பயணி 1349இல் எழுதிய நூலில், இந்தக் கரையில் ஒரு கோபுரத்தைப் பற்றியும், அதில் 1267ஐக் குறிக்கும் சீன எழுத்துப் பொறிப்பு இருந்ததைப் பற்றியும் சொல்கிறார். இரண்டும் ஒன்றே என்று பலர் கருதுகிறார்கள், ஐயுறுவோரும் உண்டு. சேசு சபையார் கட்டடத்துக்கு இடம் வேண்டும் என்று கேட்க, அரசு அனுமதித்து, கோபுரம் இடிபட்டது. இடித்ததில் எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு. பாடம் என்ற அளவில் அதன் இல்லாமையும் பயன்படும்: ஒரு கட்டடம் போனபின் அது என்னவாக இருந்தது என்பதை எப்படி நிறுவுவது?

நெல்லுக்கு வருவோம். டெல்டாப் பிள்ளைக்கு எதையும் நெல்லில் சொன்னால் ஏறும். சோழத் தூதுக்குழு 1015இல் சோங் பேரரசர் சென்சோங்கின் அவைக்குப் போய்ச் சேர்ந்தது. முத்தும் யானைத் தந்தமும் கொண்டுபோனார்கள். அனுப்பிய இராசராசன் அவர்கள் போய்ச் சேருமுன்பே மறைந்துவிட்டான்; சீன ஏடோ அவனையே அரசனாகக் குறித்துவைத்தது. அதே சென்சோங் அதற்கு மூன்றாண்டு முன்னால், 1012இல், வறட்சியைச் சமாளிக்க ஃபுஜியானிலிருந்து முப்பதாயிரம் ஹூ அளவு விதைநெல் வரவழைத்து யாங்சி கரைநாட்டுக்குப் பங்கிட்டார். இன்றைய வியட்நாமில் இருந்த சம்பா நாட்டிலிருந்து வந்த ரகம் அது. குறுகிய காலத்தில் விளைவது, தண்ணீர் குறைவானாலும் தாங்குவது. அதன் துணையோடு சீனத்தின் தென்பகுதியில் இருபோகம் பரவியது.

குறுவையும் தாளடியும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது சட்டென்று புரியும். அங்கேதான் ஆசிரியர் கவனமாக இருக்கவேண்டும். 'சம்பா நாட்டு நெல்தான் நம்ம சம்பா' என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஒலி ஒன்றுதான், குணம் நேர்மாறு. நம் சம்பா ஐந்தாறு மாதப் பயிர்; அந்த நெல்லின் பெருமையே சீக்கிரம் அறுவடைக்கு வருவதுதான். நம்ம கணக்கில் அது குறுவைக்கு உறவு. பெயரொற்றுமையை வைத்து வரலாறு கட்டக்கூடாது என்பதற்கு இதைவிடக் கைக்கெட்டிய எடுத்துக்காட்டு கிடையாது.

உறுதியான உறவு பின்னால் வந்தது. 1966இல் வெளியான ஐ.ஆர். 8 நெல்லின் குட்டைத்தன்மை, தீ-ஜியோ-வூ-ஜென் என்ற தைவான் குட்டை நெல்லிடமிருந்து வந்தது. மற்றப் பெற்றோரான இந்தோனேசியப் 'பேட்டா'வோ, 'சினா' என்ற ரகத்தையும் வங்காளத்து 'லதிசைல்' ரகத்தையும் சேர்த்து உருவானது. மழைக்காற்றுக்குச் சாயாத நெல்லைப் பற்றித் தாத்தா பேசும்போது, பேரன் சீனப் பண்பாட்டுப் பாடத்தின் ஒரு பக்கத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

சாயங்காலம் அபாகஸ் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் நிறைய. அவர்கள் தட்டும் சட்டம் ஜப்பானியர் திருத்திய வடிவம். மூலம் சீனத்து மணிச்சட்டம். அந்த மணிக்கணக்கை யுனெஸ்கோ 2013இல் மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. வகுப்பில் இதை ஒரு வரி சொன்னால்கூடப் போதும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பிள்ளைகளுக்குச் சீனத்தோடு ஏற்கெனவே ஒரு நெருக்கம் இருக்கிறது, அதன் பெயர் போதிதருமர் என்பார்கள். 2011இல் '7ஆம் அறிவு' படம் வந்தபின் காஞ்சிபுரத்து இளவரசர் சீனத்துக்கு மருந்தும் சண்டைக்கலையும் கொடுத்தார் என்பது பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆர்வத்தைத் தூண்டுவதை ஏன் தடுக்கவேண்டும்? தடுக்கவேண்டாம்; ஆனால் சான்றைக் காட்டவேண்டும். அவரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீன நூல், ஆறாம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்டது, அவரைப் பாரசீகத்தார் என்கிறது. அடுத்து வரும் குறிப்பு தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாம் மகன் என்கிறது. சண்டைக்கலையோடு அவரைப் பிணைக்கும் நூல் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கொடுத்தவன் நாம், வாங்கியவன் அவன் என்று தொடங்கும் பாடத்தில் சீனம் மாணவனாக மட்டுமே வரும். கற்பிக்க வந்த பண்பாடே காணாமல் போய்விடும்.

கொடுக்கல் வாங்கலை ஒரே கல்லில் காட்டமுடியும். சுவன்சோவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1203, சித்திரை மாதம், அதாவது 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர் மங்கோலியக் கானின் நலத்துக்காகச் சிவனை எழுந்தருளச் செய்த செய்தி தமிழில் இருக்கிறது. கடைசியில் சீன எழுத்தும் இருக்கிறது. அந்த ஊரில் கிடைத்த சிற்பம் ஒன்றில் யானை இலிங்கத்தை வழிபடுகிறது. திருவானைக்காவுக்குப் போய்வந்த பிள்ளைக்கு அதை விளக்கவேண்டியதில்லை.

கடைசியாக, வகுப்பறையில் செய்துபார்க்கத்தக்க ஒரு பயிற்சி. சோழர் நகரத்துக்கு ஏழு மதில் என்று சாவ் ருகுவா எழுதியிருக்கிறார்: சில செங்கல், சில மண், நடுவிலுள்ளது மரம், இடையிடையே மரஞ்செடிகள். வெளிச்சுற்றுகளில் குடிமக்கள், உள்ளே போகப்போக அரச குடும்பம், ஏழாவதற்குள் நானூறு அறைக்கு மேற்பட்ட அரண்மனை. இதைப் பிள்ளைகளிடம் படித்துக்காட்டி, இப்படி ஓர் ஊரை எங்காவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்கவேண்டும். யாராவது ஒருத்தி "சீரங்கம், சார்" என்பாள். அரசன் இருக்கவேண்டிய இடத்தில் அங்கே பெருமாள் படுத்திருக்கிறார். கடல் தாண்டிப்போன வணிகன் சொன்னது கோயிலையா, தலைநகரையா? கேட்டவர் இரண்டையும் குழப்பிக்கொண்டாரா? எனக்கும் விடை தெரியாது, அவளோடு சேர்ந்து தேடத்தான் வேண்டும்.