கோல்ப் பந்தும் அதைத் தேடிய கண்களும்



கோல்ப் எனப்படும் குழிப்பந்தாட்டம் நம்மில் பலருக்கு வேலிக்கு வெளியே நின்று பார்த்த ஓர் ஆட்டமே ஆகும். ஆயினும் அந்தச் சிறிய வெள்ளைப் பந்தின் வரலாற்றில் நம் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லத்தக்க ஒரு கருத்து அடங்கியுள்ளது. கண்ணுக்குத் தப்பிவிடும் பொருளைக் கண்டறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பார்ப்பவரின் பார்வையைக் கூர்மையாக்குவது. மற்றொன்று, பார்க்கப்படும் பொருளையே மாற்றியமைப்பது. கோல்ப் பந்தின் கதை இந்த இரண்டாவது வழியின் கதை.

நம் காட்டுப் பாலில் உருண்ட பந்து

ஸ்காட்லாந்தில் நெடுங்காலம் தோலுறைக்குள் இறகுகளைத் திணித்துத் தைத்த பந்துகளே பயன்பட்டன. அவை விலை மிகுந்தவை. மழையில் நனைந்தால் கெட்டுவிடும். 1848ஆம் ஆண்டு வாக்கில் அவற்றின் இடத்தைப் பிடித்தது 'கெத்தா பெர்ச்சா' என்னும் மரப்பாலில் செய்த பந்து. பெயரைக் கேட்டதும் நமக்குப் புரிந்துவிடும். அது மலாய்ச் சொல். தீபகற்பத்தின் காடுகளில் வளர்ந்த மரத்தின் பால் அது. மலாய் மக்கள் அதைப் பாராங் கத்தியின் கைப்பிடிக்குப் பயன்படுத்தி வந்தனர். 1840களில் சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார்.

வெந்நீரில் இட்டால் இளகி, ஆறியதும் இறுகும் இப்பால், கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகவும் ஆயிற்று. நமது ரப்பர் மரத்தைப் போல் சீவிப் பால் எடுக்காமல், மரத்தையே வெட்டிச் சாய்த்துப் பால் எடுத்தார்கள். அதனால் சிங்கப்பூர்த் தீவில் அம்மரம் விரைவிலேயே மிக அரிதாகிப் போனது. ரப்பரின் வரலாற்றை அறிந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இதை அறிவார்கள்?

பழுப்பு நிறமுடைய இப்பந்துக்கு வெள்ளைச் சாயம் பூசினார்கள். புல்வெளியில் அது பளிச்செனத் தெரிய வேண்டும் அல்லவா?

சிறுவர்களின் கண்கள்

வெள்ளைச் சாயம் மட்டும் போதவில்லை. ஆட்டக்காரரின் பையைச் சுமந்து செல்லும் உதவியாளருக்கு 'கேடி' என்று பெயர். முன்னே சென்று நின்று, பந்து விழும் இடத்தைப் பார்த்து வைப்பவர் 'ஃபோர்கேடி'. அக்காலத்தில் பந்தைப் பின்தொடரும் கருவி மனிதக் கண்தான். அதுவும் பெரும்பாலும் ஏழைச் சிறுவர்களின் கண்.

1913ஆம் ஆண்டு அமெரிக்க ஓபன் போட்டியில் ஃபிரான்சிஸ் விமெட் என்னும் இருபது வயது இளைஞர், ஹாரி வார்டன், டெட் ரே என்னும் இரு பெரும் பிரிட்டிஷ் ஆட்டக்காரர்களை வென்று உலகை வியக்க வைத்தார். அவருடைய பையைச் சுமந்தவன் எடி லவுரி. அவனுக்கு வயது பத்து. வர வேண்டியவன் அவனுடைய அண்ணன்தான் என்றும், பள்ளிக்கு மட்டம் போடுவோரைப் பிடிக்கும் அதிகாரியிடம் அண்ணன் அகப்பட்டுக்கொண்டதால் தம்பி வந்தான் என்றும் சொல்லப்படுகிறது. விளையாட்டு இரசிகர்கள் இதைப் புன்னகையோடு நினைவுகூர்வர். ஆசிரியராகிய எனக்கோ, வகுப்பில் அன்று வெறுமையாக இருந்த நாற்காலியே கண்முன் நிற்கிறது.

வண்ணம் மாறிய பந்து

'ஜங்கிள் புக்' எழுதிய ரட்யார்ட் கிப்ளிங் 1892 முதல் 1896 வரை அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் வாழ்ந்தார். அங்கே பனி மூடிய நிலத்தில் வெள்ளைப் பந்தை எப்படிக் காண்பது? அவர் பந்துக்குச் சிவப்புச் சாயம் பூசி ஆடினார். புல்லில் தெரிவதற்காக வெள்ளை. பனியில் தெரிவதற்காகச் சிவப்பு. பொருள் தெரிவதும் மறைவதும் அதன் பின்புலத்தைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு வேண்டுமா?

1982இல் ஆரஞ்சு நிறப் பந்தால் ஆடி ஹவாய் ஓபன் போட்டியை வென்றார் வேய்ன் லெவி. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, வண்ணத் தொலைக்காட்சியில் நன்கு தெரிவதற்காக டென்னிஸ் பந்து மஞ்சளாக மாறியிருந்தது. விம்பிள்டன் மட்டும் 1986 வரை வெள்ளைப் பந்தை விடவில்லை. ஆக, பந்து இப்போது ஆட்டக்காரரின் கண்ணுக்காக மட்டுமன்றிப் படக்கருவியின் கண்ணுக்காகவும் மாறத் தொடங்கிவிட்டது.

பந்துக்குள் சில்லு

அடுத்த மாற்றம் உள்ளே நிகழ்ந்தது. 2000ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வாட்ஃபர்ட் நகரில் ஜாலிஃப் சகோதரர்கள் தொடங்கிய 'டாப்கோல்ப்' மையத்தில் ஒவ்வொரு பந்துக்குள்ளும் ஒரு மின்னணுச் சில்லு வைக்கப்பட்டது. இலக்கில் விழும் பந்து யாருடையது என்பதை அங்குள்ள உணர்கருவி வானொலி அலைகளால் அறிந்து புள்ளி வழங்கியது. மட்டை பந்தைத் தொடும் நேரம் ஏறத்தாழ அரை மில்லி விநாடிதான். அந்த அடியையும் தாங்கிப் பிழைக்க வேண்டும் அச்சில்லு!

ரேடாருக்குத் தெரியாத சுழற்சி

2003இல் டென்மார்க்கில் தொடங்கப்பட்ட 'டிராக்மேன்' நிறுவனம் பந்தைப் பின்தொடர ரேடாரைக் கொண்டுவந்தது. ரேடார் அனுப்பும் அலை பந்தில் பட்டுத் திரும்பும். பந்து நகர்வதால், திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றே மாறியிருக்கும். இது 1842இல் ஆஸ்திரிய அறிஞர் கிறிஸ்டியன் டாப்ளர் விளக்கிய விளைவாகும். அம்மாற்றத்தைக் கொண்டு பந்தின் வேகத்தை எளிதில் கணக்கிடலாம்.

சிக்கல் பந்தின் சுழற்சியில்தான் உள்ளது. எப்பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் உருண்டை, சுழன்றாலும் சுழலாவிட்டாலும் ரேடாருக்கு ஏறக்குறைய ஒரே மாதிரியாகவே தெரியும். திறந்த வெளியில் பந்து பல விநாடி பறப்பதால், திரும்பும் அலையிலுள்ள மிக நுண்ணிய மாறுபாடுகளைச் சேர்த்துச் சுழற்சியைக் கணிக்க முடிந்தது. உள்ளரங்கில் நிலைமை வேறு. கணக்கிட்டுப் பாருங்கள். பந்து விநாடிக்கு 70 மீட்டர் செல்கிறது, திரை 3.5 மீட்டர் தொலைவில் இருக்கிறது. பறக்கும் நேரம் விநாடியில் இருபதில் ஒரு பங்கு. நிமிடத்திற்கு 2,500 சுற்று என்றால், அந்த நேரத்தில் பந்து சுற்றுவது ஏறத்தாழ இரண்டே சுற்று!

எனவே பந்தின் மேல் சிறிய உலோகப் பொட்டு ஒன்றை ஒட்டினார்கள். அப்பொட்டு முன்னும் பின்னுமாகச் சுழல, ரேடாருக்குத் தாளம் போன்ற ஒரு துடிப்புக் கிடைத்தது. ஆனால் பொட்டு உரிந்துவிடும். பந்தின் மேற்பரப்பையும் மாற்றிவிடும். பந்தின் மேலுள்ள சிறு பள்ளங்கள் காற்றோடு உறவாடியே அதைத் தூரம் கொண்டு செல்கின்றன. மேலும், 1970களில் பள்ளங்களைச் சமமின்றி அமைத்துத் தானே நேராகப் பறக்கும் பந்தைச் சிலர் உருவாக்கியதால், பந்து சமச்சீராக நடந்துகொள்ள வேண்டும் என்ற விதி 1981இல் வந்தது.

இங்கேதான் முரண் பிறக்கிறது. ரேடாருக்கு ஓர் ஏற்றத்தாழ்வு வேண்டும். காற்றுக்கோ சமச்சீர் வேண்டும். இதற்கு விடையாக 2022இல் டைட்டலிஸ்ட் நிறுவனம் டிராக்மேனுடன் இணைந்து, ரேடார் அலையை எதிரொளிக்கும் குறியைப் பந்தின் உள்ளேயே பதித்து வெளியிட்டது. வெளித்தோற்றத்தில் அது வழக்கமான பந்து. ரேடாருக்கு மட்டும் அது பொட்டு வைத்த பந்து.

வகுப்பறையில் செய்து பார்க்க

ஒளிப் பிரதிபலிப்பைக் கற்பிக்கும்போது நான் இதைச் செய்து காட்டுவதுண்டு. ஒரே நிறமுடைய இரண்டு பந்துகள் போதும். ஒன்றில் மட்டும் கறுப்பு மையால் ஒரு பெரிய புள்ளி வையுங்கள். இரண்டையும் மேசைமேல் ஒரே இடத்தில் நிற்குமாறு மெதுவாகச் சுழற்றி, எத்தனை சுற்று என்று எண்ணச் சொல்லுங்கள். புள்ளி இல்லாத பந்து சுழல்கிறதா, நிற்கிறதா என்றே பிள்ளைகள் வாதிடுவர். புள்ளியுள்ள பந்தை எல்லாரும் ஒரே குரலில் எண்ணுவர். டாப்ளரின் பெயரைச் சொல்லாமலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும். உயர்நிலை மாணவர்க்கு மேலே தந்த கணக்கையும் கொடுக்கலாம்.

புல்லில் தொலைந்த பந்தைத் தேட விதி அளித்த ஐந்து நிமிடம் 2019 முதல் மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டது. ஒரு பந்து எங்கே விழுந்தது என்பதை அறிய மனிதன் வண்ணம் பூசினான், சில்லு வைத்தான், குறியைப் பதித்தான். அந்தப் பந்துக்காகச் சாய்க்கப்பட்ட மரங்களையும், அதைத் தேடி நின்ற சிறுவர்களையும் கண்டுகொள்ள எவரும் அந்த அளவு முனையவில்லை. எந்தப் பொருள் தெரிய வேண்டும் என்று முடிவு செய்பவர்கள் மனிதர்களே, கருவிகள் அல்ல. அறிவியல் பாடத்தின் இறுதியில் இந்த ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லுமாறு சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.