களுத்துறை காட்டிய வழி

மருத்துவம் என்பது வைத்தியர் ஒருவரால் மட்டும் நிறைவுறுவதன்று. நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என அதனை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். இவ்வுண்மையை இலங்கையின் பொதுச் சுகாதாரத் துறை தன் அனுபவத்தாற் கற்றுக்கொண்ட வரலாறு அறியத்தக்கது.

1916ஆம் ஆண்டளவில், அமெரிக்க நாட்டு றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன், கொழுக்கிப்புழு நோயை ஒழிக்கும் இயக்கம் இலங்கைத் தோட்டப் பகுதிகளில் தொடங்கிற்று. தொழிலாளருக்கு மருந்து கொடுக்கப்பட்டது, புழுக்கள் வெளியேறின. ஆயினும் மலசலகூடங்கள் போதாமையால் மண் மீண்டும் மாசுற்றது. வெறுங்காலுடன் அம்மண்ணில் நடந்தோரை நோய் மறுபடியும் பற்றிக்கொண்டது. மருந்து தன் கடமையைச் செய்தும், சுற்றாடல் அதனைத் தோற்கடித்தது.

இத்தோல்வி புகட்டிய பாடத்தின் பயனாக, 1926இல் களுத்துறையில் இந்நாட்டின் முதலாவது சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்டது. குறித்த எல்லைக்குள் வாழும் மக்கள் அனைவரின் நலனும் ஒரே குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. சுகாதார வைத்திய அதிகாரி அதன் தலைவர். பொதுச் சுகாதாரத் தாதியும், சுகாதாரப் பரிசோதகரும், மருத்துவமாதும் அவருடன் இணைந்து பணியாற்றினர்.

இவ்விணைப்பின் சிறப்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கருவுற்ற பெண்ணொருத்தி வெளிறிச் சோர்ந்திருக்கிறாள். அதனை முதலிற் காண்பவள், வீடு வீடாகச் செல்லும் மருத்துவமாது. தாதி அவளைத் தாய் சேய் நல நிலையத்துக்கு வரச்செய்து, வேண்டிய அறிவுரை கூறுகிறாள். வைத்தியர் சோதித்து, இரத்தக் குறைவுக்குக் கொழுக்கிப்புழுவே காரணமெனக் கண்டு மருந்தளிக்கிறார். பரிசோதகரோ அவ்வீட்டுக்கு மலசலகூடம் அமைய வழிசெய்கிறார். இந்நால்வருள் ஒருவர் தவறினும் ஏனையோரின் உழைப்பு வீணாகும். மருத்துவமாதின் கண் காணாததை வைத்தியரின் கல்வி குணப்படுத்த இயலாதன்றோ!

1934-35ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் பல்லாயிரம் உயிர்களைக் கவர்ந்தது. கிராமங்களில் நிலையான சுகாதார சேவை வேண்டுமென்பதை அப்பேரிடர் யாவர்க்கும் உணர்த்திற்று. அதன்பின் சுகாதாரப் பகுதிகள் விரைந்து பெருகின. 1930ஆம் ஆண்டளவில், ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 2000க்கும் அதிகமான தாய்மார் மாண்டனர். 1950களின் முற்பகுதியில் அத்தொகை 600க்கும் கீழே இறங்கிற்று. மலேரியாக் கட்டுப்பாடு, புதிய மருந்துகள், இலவச வைத்தியசாலைகள், பெண்கல்வி ஆகியனவும் இதற்குத் துணைநின்றன. எனினும் அந்நலன்களைக் குடிசையின் வாயில் வரை கொண்டு சென்ற பெருமை, பெரிதும் பயிற்சிபெற்ற மருத்துவமாதர்க்கே உரியது.

வைத்தியரும், தாதியரும், மருத்துவமாதரும், ஏனைய ஊழியரும் ஒரே குழுவாக இயங்குதல் வேண்டுமென, 1978இல் அல்மா அட்டா நகரிற் கூடிய உலக நாடுகள் பிரகடனம் செய்தன. அதற்கு 52 ஆண்டுகளுக்கு முன்னரே களுத்துறை அவ்வழியிற் காலடி வைத்திருந்தது. அங்குத் தோன்றிய முறையே சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளாக நாடெங்கும் இன்றும் நிலைத்திருக்கிறது.

கட்டடங்களும் கருவிகளும் பெருகிய இக்காலத்திலும் அன்றைய பாடம் பழமையடையவில்லை. நோயாளியின் நலனை நடுவில் வைத்து, ஒருவர் அறிந்ததை மற்றவர்க்கு உரைத்து, ஒருவர் பணியை மற்றவர் மதித்து நடக்குமிடத்தே மருத்துவம் முழுமை பெறும்.