மே பதினாறும் வாத்தியார் சம்பளமும்



மே மாதம் 16-ஆம் நாள் வந்துவிட்டால் நம் தோட்டப் பிள்ளைகள் கையில் ஏதாவது ஒரு பொட்டலத்தோடுதான் பள்ளிக்கு வருவார்கள். ஒரு துண்டு, ஒரு சவர்க்காரம், ஒரு பேனா. வாங்க வசதியில்லாத பிள்ளை, வீட்டு முற்றத்தில் பூத்த ரோஜாவை ஈரக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வரும். அன்று ஆசிரியர் தினம். ஆனால், ஏன் மே 16 என்று கேட்டால் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெரியவர்கள் பலருக்கும் பதில் தெரிவதில்லை.

இந்தியாவில் டாக்டர் இராதாகிருஷ்ணன் பிறந்த செப்டம்பர் 5-ஆம் நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நம் நாட்டில் மே 16 எவருடைய பிறந்த நாளும் அன்று. 1956-ஆம் ஆண்டு அந்த நாளில்தான் ரசாக் கல்வி அறிக்கையை மலாயாக் கூட்டரசின் சட்டமன்றம் ஏற்றுக்கொண்டது. சட்டமன்றம் ஓர் அறிக்கையை ஏற்றுக்கொண்டதற்கும் ரிங்லெட் மலையில் அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கும் வாத்தியாருக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. வாத்தியாருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்ற கேள்விக்கு அந்த அறிக்கைக்குப் பின்னர்தான் புதிய பதில் கிடைத்தது. அந்தக் கதையைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

இந்நாட்டில் தமிழ்க் கல்வி 1816-இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஆனால் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி என்பது நெடுங்காலம் வரை துரையின் மனம்போல்தான் இருந்தது. அந்த நிலையைச் சட்டம் தொட்டது 1923-இல். பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், நம் பகாங் ஆகிய நான்கும் சேர்ந்த கூட்டரசு மலாய் மாநிலங்களில் அவ்வாண்டு வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்க உத்தரவிடலாம் என்று கூறியது.

கேமரன் மலைக்குத் தேயிலை அதற்குப் பின்னர்தான் வந்தது. 1929-இல் ஜே. ஏ. ரஸல் என்பவர் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1930-களின் தொடக்கத்தில் தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை வந்தது. காட்டை அழித்துத் தேயிலை நட நம் முன்னோர் மலையேறினார்கள். அவர்களோடு பிள்ளைகளும் ஏறினார்கள். ஆகவே, இம்மலையில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் குடியேறத் தொடங்கியபோதே பள்ளிக்கான சட்டமும் நடப்பில் இருந்தது.

சட்டம் பள்ளியைக் கேட்டது. நல்ல பள்ளியைக் கேட்கவில்லை. வாத்தியாருக்கு எவ்வளவு சம்பளம், அவர் என்ன படித்திருக்க வேண்டும் என்பவற்றை அது தோட்ட நிர்வாகத்திடமே விட்டுவிட்டது. அக்காலத்தில் மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் கிராணியோ கங்காணியோ ஆஸ்பத்திரி டிரஸ்ஸரோ ஓய்வு நேரத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். தனி வாத்தியார் இருந்த இடத்திலும் பெரும்பாலும் அவருக்குப் பயிற்சி இருந்ததில்லை. காலையில் பாடம், பிற்பகலில் ஆபீஸில் செக்ரோல் எழுதும் வேலை என்று இரண்டையும் பார்த்தவர்கள் உண்டு. அரசாங்கம் கொடுத்த உதவித்தொகையும் பிள்ளைகளின் வருகையையும் தேர்ச்சியையும் பார்த்துத்தான் கிடைத்தது. வருகை குறைந்தால் தொகையும் குறையும்.

அந்த வாத்தியார்களை நாம் குறை கூறவில்லை. ஓலைக் கூரையின் கீழே ஆறு வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்கார வைத்து எழுத்தறிவித்தவர்கள் அவர்கள். அவர்கள் இல்லையென்றால் இன்று நாம் இல்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கொழுந்து மிகுந்த மாதத்தில் பத்து வயதுப் பிள்ளையைக் கூடையோடு மலைக்கு அனுப்பச் சொன்னால், ‘அனுப்ப முடியாது, அவன் படிக்க வேண்டும்’ என்று அந்த வாத்தியாரால் சொல்ல முடியுமா? அவருக்கு அரிசியும் வீடும் சம்பளமும் தோட்டத்திலிருந்தே வந்தன. சொன்னால் மறுநாள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். யார் சம்பளம் கொடுக்கிறாரோ அவர் முன்னே வாய் திறப்பது எளிதன்று. வாத்தியாரின் வாயை அடைத்தபோது பிள்ளையின் வழியும் அடைபட்டது.

இந்த நிலையைத்தான் ரசாக் அறிக்கையும் அதையொட்டி வந்த 1957-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் மாற்றத் தொடங்கின. தமிழ்ப் பள்ளிகள் அரசாங்க உதவி பெறும் ஆரம்பப் பள்ளிகளாகத் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. பாடத்திட்டம் பொதுவாயிற்று. அரசாங்கம் வகுத்த சம்பள விகிதம் ஆசிரியர்களுக்கு வந்தது. தோட்டத்து நிலத்தில் நிற்கும் பள்ளிகள் பல இன்றும் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருக்கின்றன. நிலமும் சில வேளைகளில் கட்டடமும் தோட்டத்துக்கு உரியவை. ஆனால் ஆசிரியரின் சம்பளம் அரசாங்கத்திலிருந்து வருகிறது. முழு உதவிப் பள்ளி, பகுதி உதவிப் பள்ளி என்ற வேறுபாடு அதில் இல்லை.

அரசாங்கச் சம்பளம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. ஓய்வூதியம், மருத்துவ வசதி என்று கேட்டுப் பெற வேண்டியவை பல இருந்தன. பெண் ஆசிரியைகளின் நிலை இன்னும் மோசம். ஒரே பயிற்சி, ஒரே வகுப்பு, ஒரே வேலை. சம்பளம் மட்டும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. இதை எதிர்த்து 1960-இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தோற்றுவித்து அதன் முதல் தலைவராக நின்றவர் ராசம்மா பூபாலன். இளவயதில் நேதாஜியின் ஜான்சிராணி படையில் துப்பாக்கி ஏந்திய அதே தமிழ்ப் பெண்மணிதான் அவர். பொதுச் சேவையில் பெண்களுக்குச் சம ஊதியம் 1969-இல் கிடைத்தது. இன்று ஓர் ஆசிரியை தன் சம்பளச் சீட்டை வாங்கும்போது அதில் ஆண், பெண் என்ற பேதம் இல்லையென்றால், அதற்குப் பின்னால் பல ஆண்டுப் போராட்டம் இருக்கிறது.

1967-இல் தேசிய ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அதன்பின் ஆசிரியர்களின் சம்பளத்தையும் பணி நிலையையும் ஆராய அஸிஸ் ஆணையம் அமைந்தது. அதன் பரிந்துரைகளையொட்டி 1970-களில் ஆசிரியர்கள் அரசாங்க ஊழியர்களாயினர். 1974-இல் இன்று நாம் என்.யு.டி.பி. என்று அழைக்கும் தேசிய ஆசிரியர் பணியாளர் சங்கம் உருவாயிற்று. ஆசிரியர்கள் மொழிவாரியாகப் பிரிந்து நின்று தனித்தனியே கேட்ட காலம் மெல்ல மாறியது.

நேயர்களே, இது உங்களுக்குப் புதிய பாடம் அன்று. தோட்டங்களில் தனித்தனியாக இருந்த தொழிற்சங்கங்கள் 1954-இல் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்ததையும், பி. பி. நாராயணன் அதை வழிநடத்தியதையும் உங்கள் தாத்தாமார் அறிவார்கள். தனி விரலால் கொழுந்து கிள்ள முடியாது. இரண்டு விரல் சேர வேண்டும். சங்கமும் அப்படித்தான்.

இனி, எங்களுக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்கிறோம். பயிற்சிக் கல்லூரியை முடித்து ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்த எங்கள் மூவருக்கு இரண்டு ஆண்டுகள் சம்பள உயர்வு வரவில்லை. சேவைப் பதிவேட்டில் சேர்க்க வேண்டிய ஒரு தாள் ஏதோ ஓர் அலுவலகத்தில் தங்கிவிட்டது. கேட்டால் மாற்றல் வந்துவிடுமோ என்ற பயத்தில் நாங்கள் கேட்கவில்லை. மாறாக, அந்தக் கோபத்தை வகுப்பறைக்குள் கொண்டுபோனோம். திருத்த வேண்டிய புத்தகங்களைத் திருத்தாமல் வைத்தோம். ‘இவ்வளவு சம்பளத்துக்கு இவ்வளவு போதும்’ என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். கடைசியில் சங்கக் கிளைச் செயலாளர் ஒருவர் ஒரு பக்கக் கடிதம் எழுதினார். மூன்றாம் மாதம் பாக்கிப் பணம் முழுவதும் வந்து சேர்ந்தது. பணம் திரும்பி வந்தது; ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் எங்களிடம் படித்த பிள்ளைகளுக்கு அந்த இரண்டு ஆண்டுகள் திரும்பி வரவில்லை. உரிமையைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல், கடமையைக் குறைத்துக்கொண்டது எங்கள் தவறு. இன்றும் அது எங்களை உறுத்துகிறது.

ஆசிரியரின் உரிமை எது, கடமை எது என்பதைப் பெற்றோரும் தெரிந்திருக்க வேண்டும். அரசாங்க ஊழியரான ஆசிரியரின் சம்பளம் தோட்ட நிர்வாகத்தாலோ பெற்றோராலோ தலைமை ஆசிரியராலோ முடிவு செய்யப்படுவதில்லை. நாடு முழுவதற்கும் ஒரே ஊதிய முறை. 1992-இல் ஒரு புதிய முறை வந்தது, 2002-இல் வேறொன்று, பின்னர் 2024 டிசம்பர் 1 முதல் மற்றொன்று. இந்தக் கடைசி முறையில் பெரும்பாலான ஊழியர்களுக்கு முதற்கட்டமாக 8 விழுக்காடும், 2026 ஜனவரியில் இரண்டாம் கட்டமாக 7 விழுக்காடும் சம்பளம் உயரும் என்று அறிவிக்கப்பட்டது. கூட்டுப் பேச்சுவார்த்தை பற்றிய 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் பகுதிகள் அரசாங்க ஊழியருக்குப் பொருந்தா. ஆகவே அரசாங்கமும் சங்கங்களும் அமரும் கூட்டு மன்றங்களில்தான் அவர்களுடைய கோரிக்கைகள் பேசப்படுகின்றன.

கடமைகளை 1993-ஆம் ஆண்டு நடத்தை ஒழுங்கு விதிகள் கூறுகின்றன. விடுப்பின்றி வேலைக்கு வராமல் இருக்கக் கூடாது. அனுமதியின்றி வெளிவேலை பார்க்கக் கூடாது. காசுக்கு டியூஷன் நடத்துவதற்கும் அனுமதி வேண்டும். தகுதிக்கு மீறிய பரிசு வாங்கக் கூடாது. பிள்ளை கொண்டுவரும் ரோஜாவுக்குத் தடையில்லை. தங்க மோதிரத்துக்கு உண்டு. அரசாங்கக் கொள்கையைத் தனி ஆசிரியர் மேடையேறிக் குறை கூறவும் முடியாது. அவர் பேச முடியாததைப் பேசுவதற்குத்தான் சங்கம் இருக்கிறது.

பள்ளியில் ஆசிரியர் மட்டும் வேலை செய்வதில்லை. கூட்டிப் பெருக்குகிறவர், இரவில் காவல் காப்பவர் ஆகியோர் பல பள்ளிகளில் குத்தகை நிறுவனங்களின் ஆட்கள். அவர்களில் நம் தோட்டத்து அம்மாமார் பலர் உண்டு. பள்ளிக்குள் வேலை செய்தாலும் அவர்கள் அரசாங்க ஊழியர் அல்லர், ஓய்வூதியம் கிடையாது. ஆனால் வேறு உரிமைகள் உண்டு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அவர்களைக் காக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கி, 2025-இல் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. முதலாளி ஊழியர் சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் பணம் கட்ட வேண்டும். அம்மா, உங்கள் பெயரில் பணம் சேர்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது கேட்டுப் பாருங்கள். படிக்கத் தெரியவில்லையென்றால் உங்கள் பிள்ளையையோ எங்களையோ படிக்கச் சொல்லுங்கள். அதற்குத்தானே பள்ளி!

பெற்றோருக்கும் கடமை உண்டு. 2003 முதல் ஆறு வயது நிரம்பிய பிள்ளையை ஆரம்பப் பள்ளிக்கு அனுப்புவது சட்டப்படி கட்டாயம். 1923-ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்தைக் கேட்டது. 2003-இல் நடப்புக்கு வந்த சட்டம் நம்மைக் கேட்கிறது. மழை, கொழுந்து, கோயில் திருவிழா என்று பிள்ளையை நிறுத்தாதீர்கள். ஆசிரியர் நாள்தோறும் வராவிட்டால், பாடம் நடக்காவிட்டால், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். ‘அவர் படித்தவர், நாம் என்ன கேட்பது’ என்று ஒதுங்காதீர்கள். எங்கள் சம்பளம் நாட்டு மக்களின் வரிப்பணம். கடையில் நீங்கள் வாங்கும் பொருளுக்குக் கொடுக்கும் வரியும் அதில் அடங்கும்.

அன்று வாத்தியார் துரைக்குப் பதில் சொன்னார். இன்று ஆசிரியர் உங்கள் பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டியவர். இந்த மாற்றத்துக்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. அடுத்த மே 16-ஆம் நாள் உங்கள் பிள்ளை ரோஜாவோடு பள்ளிக்குக் கிளம்பும்போது, அது ஏன் மே 16 என்று சொல்லி அனுப்புங்கள். கூடவே ஒரு கேள்வியையும் சொல்லி அனுப்புங்கள்: ‘சார், என் புத்தகத்தைத் திருத்திவிட்டீர்களா?’ எங்களுக்கு அதைவிட நல்ல பரிசு வேறில்லை.