பேத்தமங்கலத்து ஏரி

தங்கவயலில் பொன்னெடுத்த வரலாற்றைப் பலரும் பேசுவர். அங்கு வாழ்ந்தோர் பருகிய நீரைப் பற்றிப் பேசுவோர் சிலரே. பாலாற்றின்மீது அமைந்த பேத்தமங்கலத்து ஏரியே அந்நீரை அளித்தது. சுரங்கத்தினும் ஏரி மிகப் பழையது. அதன் உடைந்த கரையைச் செப்பனிட்ட செய்தியை நொளம்பர் காலக் கல்வெட்டொன்று கூறுகிறது. அது பத்தாம் நூற்றாண்டு. ஜான் டெய்லர் கம்பெனியார் வந்ததோ 1880-இல்! மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகச் சென்ற அச்சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன.

கோடையில் பறவை காண விழைவோர்க்கு இவ்வேரியே தக்க இடம். வெயில் ஏறுமுன் கரையை அடைந்துவிட வேண்டும். நீர் சுருங்கச் சுருங்க மீன்கள் குட்டைகளில் ஒதுங்கும். அவற்றை நாடிக் கொக்கும் நாரையும் சேற்றில் இறங்கும். ஏரி முற்றும் வற்றிய ஆண்டுகளும் உண்டு. அவ்வாண்டுகளில் நாரைக்கும் இரையில்லை. ஊராருக்கும் குடத்தில் நீரில்லை.