ஒரு புழுவுக்கு 600 பக்கம்



தச்சு அந்துப்பூச்சி என்று ஒரு குடும்பம் இருக்கிறது. பேர்தான் பூச்சிக்கு, தச்சு வேலை முழுக்கப் புழுவுடையது. பூச்சியாகிப் பறக்கிற கொஞ்ச நாளில் அது எதையும் தின்பதில்லை. புழுவாக இருக்கும்போதுதான் உயிருள்ள மரத்தைக் குடைந்து உள்ளேயே கிடக்கும். கட்டையில் சத்து குறைவு, அதனால் வளர்ச்சியும் மெதுவு. ஐரோப்பாவில் வில்லோ மரத்தைக் குடைகிற இனத்துக்குப் பூச்சியாக மூன்று நான்கு வருஷம்கூட ஆகும். அந்தப் புழுவிடம் ஆட்டுக்கிடாவின் மொச்சை அடிக்குமாம். அதனால் அங்கே அதற்கு ஆட்டு அந்துப்பூச்சி என்றே பேர்.

இந்த மொச்சைப் புழுவுக்குத்தான் 1760-இல் ஒருவர் 600 பக்கத்துக்கு மேல் புத்தகம் எழுதினார். பேர் பியர் லியோனே. 1706-இல் மாஸ்ட்ரிக்ட் நகரில் பிறந்தவர், சட்டம் படித்தவர். ஹேக் நகரில் டச்சு அரசாங்கத்துக்குச் சங்கேத எழுத்து வேலையும் மொழிபெயர்ப்பும் பார்த்தார். பூச்சி பார்த்தது உத்தியோகம் போக மிஞ்சிய நேரத்தில்.

புழுவை நீரில் வைத்துக் கீறி, உருப்பெருக்கி வழியாக ஒவ்வொரு தசையையும் நரம்பையும் மூச்சுக் குழலையும் பிரித்துப் பார்த்தார். நாலாயிரத்துக்கும் மேல் தசைகள் எண்ணினார். நம் உடம்பில் அறுநூற்றுச் சொச்சம்தான் என்பதை என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்! படங்களையும் அவரே வரைந்து, செப்புத் தகட்டில் அவரே செதுக்கினார். அந்தச் செதுக்கு வேலையை அவர் கற்றுக்கொண்டதே முப்பத்தைந்து வயதுக்கு மேல், வாண்டலார் என்ற கைதேர்ந்த சித்திரக்காரரிடம். இத்தனைக்கும் அவர் கொன்றது எட்டு ஒன்பது புழுக்கள்தான். அதற்கு மேல் கொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

பலர் நம்பவில்லை. ஒரு புழுவுக்குள் இவ்வளவு இருக்குமா, ஆள் கற்பனை செய்கிறார் என்றார்கள். லியோனே சண்டைக்குப் போகவில்லை. 1762-இல் வந்த மறுபதிப்பில் தன் உருப்பெருக்கியையும் கருவிகளையும் படம் போட்டு விளக்கிவிட்டார். வேண்டுமானால் நீயே கீறிப் பார் என்கிற மாதிரி. எனக்கு அந்த மனுஷனிடம் ரொம்பப் பிடித்தது இதுதான்.

அடுத்து கூட்டுப்புழுவையும் பூச்சியையும் அதே மாதிரி எழுத எண்ணியிருந்தார். கண் பார்வை மங்கிவிட்டது. 1789-இல் காலமானார். மிச்சக் குறிப்புகள் 1832-இல்தான் அச்சேறின.

லியோனே பார்த்தது ஒரே ஒரு இனம். 2011-இல் எடுத்த கணக்குப்படி இந்தக் குடும்பத்தில் 971 இனங்கள். ஆஸ்திரேலியாவில் ஒன்று 30 கிராம் வரை எடை வருகிற ராட்சதப் பூச்சி. அங்கேயே இன்னொன்றின் புழுவை வேல மர வகைப் புதரின் வேரிலிருந்து தோண்டி எடுத்துப் பழங்குடி மக்கள் சாப்பிடுகிறார்கள், நல்ல சத்துணவு. ஆனால் இந்த இனங்களில் நாம் விவரமாக அறிந்தவை பெரும்பாலும் மனிதனுக்கு நஷ்டம் வைத்தவைதான். லாப நஷ்டம் பார்க்காமல் ஒரு புழுவைப் புழுவுக்காகவே பார்த்தவர் என்று எனக்குத் தெரிந்து லியோனே மாதிரி இன்னொருவர் இல்லை.

நஷ்டத்துக்கு உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே உண்டு. இலங்கையில் காப்பித் தோட்டங்கள் செழித்திருந்த காலம். நம் பக்கத்துச் சனங்கள் கூலிக்குக் கடல் கடந்து போனார்களே, அந்தத் தோட்டங்கள்தான். அங்கே இருந்த ஜெர்மானியர் நீட்னர், 1861-இல் காப்பி மரத்தின் எதிரிகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். காப்பிக் கொப்பைக் குடைகிற சிவப்புப் புழுவுக்கு அறிவியல் பேர் வைத்தவரும் அவரே. நன்றாக இருந்த கொப்பு திடீரென்று வாடும். அடியில் சிறு துளை, தரையில் உருண்டை உருண்டையாக எச்சம். அதை முதலில் கண்டது செடிக்குச் செடி குனிந்து நிமிர்ந்த நம் சனங்களாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். பிறகு 1869-இல் இலைத்துரு நோய் வந்து காப்பியே அழிந்தது, தேயிலை வந்தது. புழு தேயிலையையும் விடவில்லை, இன்றுவரை குடைகிறது.

நீலகிரி, வால்பாறைப் பக்கம் தோட்டத்தில் வேலையில் இருக்கும் பிள்ளைகள் யாராவது இந்தச் சிவப்புப் புழுவைப் பார்த்தால் கொப்பை நீளவாக்கில் பிளந்து படம் எடுத்துப் போடுங்கள். துளை மேலே போகிறதா கீழே போகிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.